எழுபது வயதிலிருந்து பின்னோக்கி: 'கோல்டன் இயர்ஸ்' ஏன் பாதியில் அறுந்தது?

கேள்வி இது: "வயதானவர் ஒருவர் நாளுக்கு நாள் இளமையாகிக்கொண்டே போகும் அமெரிக்கத் தொடர் ஒன்று இருந்ததாமே, பாதியில் நிறுத்திவிட்டார்களாமே, அது எது? ஏன் நிறுத்தினார்கள்? அதில் வரும் அறிவியலில் ஏதாவது உண்மை உண்டா? இப்போது உட்கார்ந்து பார்க்கத் தகுமா?"

நீங்கள் தேடுவது 'கோல்டன் இயர்ஸ்'. 1991 ஜூலை 16-ஆம் தேதி சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதியோடு அறுந்துபோன தொடர். மொத்தம் ஏழு ஒளிபரப்புகள்தான். முதல் பகுதி மட்டும் இரண்டு மணி நேரம், மற்றவை ஒவ்வொரு மணி நேரம். விளம்பரங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எட்டு மணி நேரம். நம் ஊர் மெகா தொடர்களில் ஒரு கல்யாணப் பேச்சுக்கே இதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

எழுதியவர் திகில் கதைகளுக்குப் பேர்போன அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங். அவருடைய பெயரில் வந்த படங்களும் தொடர்களும் பெரும்பாலும் அவர் முன்பே எழுதிய கதைகளிலிருந்து எடுத்தவை. இது அப்படியல்ல. தொலைக்காட்சிக்கென்றே நேரடியாக எழுதியது. "தொலைக்காட்சிக்கான நாவல்" என்று அவரே இதற்குப் பெயர் வைத்தார். முதல் ஐந்து பகுதிகளை அவர் எழுதினார். கடைசி இரண்டும் அவர் கொடுத்த கதைச்சுருக்கத்தை வைத்து ஜோசப் ஆண்டர்சன் எழுதியவை. முகப்புப் பாடல் டேவிட் போவி 1975-இல் பாடிய அதே பெயருள்ள பாட்டு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபால்கோ பிளெயின்ஸ் என்றொரு அரசு நிலையம். வெளியே கேட்டால் வேளாண்மை ஆய்வு நடக்கும் இடம் என்பார்கள். உள்ளே நடப்பது ராணுவத்துக்கான ரகசிய ஆய்வு, சிதைந்த உடல் திசுக்களைத் திரும்ப வளரவைக்கும் முயற்சி. அங்கே தரை துடைத்துக் குப்பை அள்ளுகிற துப்புரவுப் பணியாளர் ஹார்லன் வில்லியம்ஸ். வயது 70. கண் மங்கிவிட்டது, கண் பரிசோதனையில் தேறாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம் வேறு. அந்த நேரத்தில், டோட்ஹன்டர் என்ற கிறுக்கு விஞ்ஞானி எச்சரிக்கையை மதிக்காமல் சோதனையைத் தொடர, ஆய்வுக்கூடம் வெடிக்கிறது. பக்கத்தில் இருந்த ஹார்லன் உயிர் தப்புகிறார். அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நரைத்த முடி வேரிலிருந்து கறுக்கிறது. மங்கிய கண் தெளிகிறது. சில நேரம் அந்தக் கண்ணில் ஒரு பச்சை வெளிச்சம் வந்து போகிறது.

விஷயம் வெளியே போகாமல் இருக்க 'தி ஷாப்' என்ற ரகசிய அமைப்பு தன் ஆளான ஜூட் ஆண்ட்ரூஸை அனுப்புகிறது. கிங் 1980-இல் எழுதிய 'ஃபயர்ஸ்டார்ட்டர்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது. அதில் நெருப்பு மூட்டும் சிறுமியைத் துரத்தியவர்களும் இவர்கள்தான். ஆண்ட்ரூஸ் போகிற இடமெல்லாம் பிணம் விழுகிறது. நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி டெர்ரி ஸ்பான் ஒரு காலத்தில் இந்த ஆண்ட்ரூஸோடு சேர்ந்து வேலை பார்த்தவள். அவன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எனவே ஹார்லனையும் அவர் மனைவி ஜீனாவையும் காப்பாற்றும் பக்கம் சாய்கிறாள். டெர்ரியாக நடித்தவர் ஃபெலிசிட்டி ஹஃப்மன். 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' தொடர் வழியாக அவரை உலகம் தெரிந்துகொள்ள இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் வழக்கமான ஓடு-துரத்து கதை. இந்தத் தொடரை இத்தனை வருடம் கழித்தும் பேசவைப்பது அது இல்லை. ஜீனாதான்.

யோசித்துப் பாருங்கள். நாற்பது ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த தம்பதி. மூட்டு வலியும் மறதியும்கூட இருவருக்கும் பொதுவாகிவிட்ட வயது. திடீரென்று ஒருவர் மட்டும் திரும்பி நடக்க ஆரம்பிக்கிறார். கணவனின் தலையில் கறுப்பு முடியைப் பார்க்கும் மனைவிக்கு முதலில் வருவது சந்தோஷமா? பயமா? கொஞ்சம் வெட்கமும் ஆசையும்கூட வரும். அதன் பின்னாலேயே 'இவர் போய்க்கொண்டே இருந்தால் நான் என்ன ஆவேன்?' என்ற கேள்வி வந்து நிற்கும். இத்தனையையும் ஃபிரான்சஸ் ஸ்டெர்ன்ஹேகன் முகத்திலேயே காட்டுகிறார். பெரிய வசனம் எதுவும் தேவைப்படவில்லை. நாடக மேடையில் டோனி விருது வாங்கிய நடிகை அவர். கிங் கதைகளுக்கும் புதியவர் அல்ல: முந்தைய ஆண்டு வந்த 'மிசரி' படத்தில் ஷெரிஃபின் மனைவியாகச் சில காட்சிகளிலேயே மனதில் நின்றவர். 2023-இல் காலமானார். அவரைப் பற்றி வந்த அஞ்சலிக் குறிப்புகள் 'சியர்ஸ்', 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' ஆகிய தொடர்களைச் சுற்றியே இருந்தன. என்னைக் கேட்டால் அவர் செய்த மிகச் சிறந்த தொலைக்காட்சி வேலை இந்த ஏழு பகுதிகள்தான்.

பெரியபுராணம் படித்தவர்களுக்குத் திருநீலகண்ட நாயனார் நினைவுக்கு வராமல் இருக்காது. தில்லையில் மண்பாண்டம் செய்த குயவர். மனைவியோடு ஏற்பட்ட பிணக்கில் ஒருவரை ஒருவர் தொடாமலே இருவரும் முதுமை அடைகிறார்கள். கடைசியில் மூங்கில் கழியின் இரு முனைகளை ஆளுக்கொன்றாய்ப் பிடித்துக் குளத்தில் மூழ்கி எழ, இருவருமே இளமையோடு வருகிறார்கள். சேக்கிழார் அதில் தெளிவாக இருக்கிறார்: இளமை வந்தால் இருவருக்கும் சேர்த்து வர வேண்டும், ஒருவருக்கு மட்டும் வந்தால் அது வரமாகாது. கிங் எடுத்துக்கொண்டது அந்த ஒருவருக்கு மட்டும் வந்த இளமையை. அதனால்தான் இது திகில் கதை. துப்பாக்கியோடு வரும் ஆண்ட்ரூஸிடமிருந்து தப்பிக்கலாம். பக்கத்தில் படுத்திருக்கும் கணவன் தினமும் ஒரு படி விலகிப் போவதிலிருந்து எப்படித் தப்பிப்பது?

இப்போது, ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்விக்கு வருவோம். பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை, அதனால் நிறுத்தினார்கள். இது நேர் பதில். ஆனால் அந்த எண்ணிக்கை ஏன் போதவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1990 ஏப்ரலில் ஏபிசி தொலைக்காட்சியில் 'ட்வின் பீக்ஸ்' தொடங்கியது. ஒரே கதை, வாரா வாரம் நீள்வது, எதையும் உடனே தீர்த்துவைக்காதது. அமெரிக்காவில் இரவு நேரத் தொடர் என்றால் அதுவரை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு, அடுத்த வாரம் புதுக் கதை. தொடர்ந்து நீளும் கதை என்றால் அது குடும்பச் சண்டை, சொத்துத் தகராறு வகையாகத்தான் இருக்கும். 'ட்வின் பீக்ஸ்' அந்த வேலியைத் தாண்டியதைப் பார்த்துத்தான் தனக்கு இந்த வடிவத்தில் துணிச்சல் வந்தது என்று கிங்கே சொல்லியிருக்கிறார். அதே 1990 நவம்பரில் அவருடைய 'இட்' நாவல் இரண்டு இரவுக் குறுந்தொடராக ஏபிசியில் வந்து பெரிய வெற்றி பெற்றது. சிபிஎஸ்ஸோ 80-களின் கடைசியில் மூன்று பெரிய நிறுவனங்களில் மூன்றாவதாகப் பின்தங்கிக் கிடந்தது. கிங் பெயரில் ஒரு தொடர் என்றால் கதவைத் திறக்காமல் இருப்பார்களா?

திறந்தார்கள், ஆனால் பாதிக் கதவைத்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் செப்டம்பர் முதல் மே வரைதான் முக்கியப் பருவம். கோடைக்காலத்தில் பழைய பகுதிகளை மறு ஒளிபரப்பு செய்வார்கள், அல்லது நம்பிக்கை இல்லாத சரக்கை இறக்கிவிடுவார்கள். 'கோல்டன் இயர்ஸ்'ஸுக்குக் கிடைத்தது அந்தக் கோடைதான். விளம்பரமோ ஒரு கோடைக்கால விருந்து என்பது போல. பார்த்தவர்கள் ஏழு பகுதியில் முடிந்துவிடும் குறுந்தொடர் என்று எண்ணிக்கொண்டார்கள். எழுதியவரோ தொடர்ந்து போகும் கதை என்று எழுதிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, அந்தத் துணிச்சலுக்குக் காரணமான 'ட்வின் பீக்ஸ்'ஸே இது தொடங்குவதற்கு ஐந்து வாரம் முன்பு, 1991 ஜூன் 10-ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. முடிவு தெரியாமல் ஒரு தொடரைப் பார்த்து ஏமாந்த மக்களிடம் அடுத்த மாதமே இன்னொன்றைக் கொண்டுபோய் நீட்டியது போல ஆயிற்று.

கால நேரமும் வேடிக்கை பார்த்தது. தொடரின் பயமெல்லாம் பனிப்போர்ப் பயம்: ரகசியக் கூடம், அரசின் கூலிப்படை, எதிரி நாட்டுக்கு முன்னால் நாம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வெறி. கடைசிப் பகுதி ஒளிபரப்பான வியாழக்கிழமைக்கு முந்தைய நாள்தான் மாஸ்கோவில் சோவியத் அதிபர் கோர்பச்சேவுக்கு எதிரான ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றுச் சரிந்தது. அந்த வாரம் அமெரிக்க வீடுகளில் செய்தி அலைவரிசையை விட்டு வேறு எதையாவது எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? இதனால்தான் தொடர் விழுந்தது என்று சொல்ல மாட்டேன், அதற்கு முன்பே அது தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இந்த மாதிரி கதைக்கு அதைவிட மோசமான வாரம் கிடைத்திருக்காது.

நிறுத்துவது என்று ஆனதும், இன்னும் நான்கு மணி நேரம் கொடுங்கள், கதையை முறையாக முடித்துத் தருகிறேன் என்று கிங் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். சிபிஎஸ் தரவில்லை.

இதில் என் கருத்தைச் சொல்கிறேன். இந்தக் கதைக்கு நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டது என்பது வெறும் ரசிகர் ஆதங்கம் அல்ல. தொடரின் எலும்புக்கூடே நேரத்தை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஹார்லனாக நடித்த கீத் சராபைக்காவின் வயதைப் பாருங்கள்: அப்போது 38. முப்பதுகளில் இருக்கும் நடிகரின் முகத்தில் எழுபது வயதை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு நல்ல எழுபது வயது நடிகரைப் போட்டு எடுக்க முடியாமலா? ஜீனா வேடத்துக்கு அப்போது 61 வயதான ஸ்டெர்ன்ஹேகனைத்தானே போட்டார்கள்? காரணம் எளிது. ஜீனா அப்படியே இருக்க வேண்டியவர். ஹார்லன் முகத்திலிருந்து மட்டும் ஒப்பனை ஒவ்வொரு அடுக்காகக் கழன்று வர வேண்டும். ஒரு கட்டத்தில் அந்த நடிகரின் சொந்த முகம் திரையில் வர வேண்டும். தொடர் முழுக்க அந்தத் தருணத்தை நோக்கித்தான் போகிறது. ஏழு பகுதிக்காக யாரும் இப்படித் திட்டமிட மாட்டார்கள்.

நெருங்கிப் பார்த்தால் சராபைக்கா எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பது தெரியும். முதல் பகுதியில் அவர் துடைப்பத்தைப் பிடிக்கும் விதம், எழுந்திருக்கும்போது உடம்பை இரண்டு தவணையாகத் தூக்குவது, யாராவது வேகமாகப் பேசினால் ஒரு நொடி தாமதித்துப் பதில் சொல்வது. ஒப்பனை முகத்தில்தான் இருக்கிறது, முதுமை முதுகெலும்பில் இருக்கிறது. பின்னால் வரும் பகுதிகளில் அந்தத் தாமதம் யாரும் கவனிக்காமலே குறைந்துகொண்டு போகும். முடி கறுப்பதைக் கேமரா சுட்டிக்காட்டுகிறது. இதை அவர் தானாகவே செய்கிறார். சில கோணங்களில் ஒப்பனை ரப்பர் போலத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய வீடியோத் தரத்தில் அது மறைந்திருக்கும், இன்றைய பெரிய திரையில் மறையாது.

அடுத்த கேள்வி அறிவியல். இதில் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம், ஏனென்றால் 1991-இல் இதைப் பார்த்தவர்களைவிட இன்று பார்க்கும் நமக்குத்தான் இந்தக் கதை அதிகம் உறைக்கும்.

முதுமை பற்றி அன்று தெரிந்திருந்தது என்ன? மனித செல்களைச் சோதனைச் சாலையில் வளர்த்தால் அவை ஏறக்குறைய 40 முதல் 60 முறை பிரிந்துவிட்டு நின்றுவிடும் என்பதை லெனார்ட் ஹேஃப்ளிக் 1961-இல் காட்டியிருந்தார். ஆக, செல்லுக்குள் ஏதோ ஒரு கணக்கு ஓடுகிறது என்று தெரியும். அந்தக் கணக்கைத் திருப்பி ஓட்ட முடியும் என்று அறிவியலாளர் யாரும் சொல்லவில்லை. ஆனால் தொடர் வருவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1990 ஜூலையில், டேனியல் ரட்மன் குழு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 61 முதல் 81 வயது வரையுள்ள ஆண்கள் 12 பேருக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டார்கள். கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது, கொழுப்பல்லாத உடல் எடை 8.8 சதவீதம் கூடியது. பத்து இருபது ஆண்டு முதுமையால் ஏற்படும் மாற்றத்துக்கு இது அளவில் சமம் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி போதாதா? 'முதுமையை விரட்டும் ஊசி' என்று கடை விரித்தவர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தசை கூடினால் வலிமையும் கூடிவிடாது, மூட்டு வலி, வீக்கம், சர்க்கரை என்று பக்கவிளைவுகள் வரும் என்பதெல்லாம் மெல்ல வெளியே வந்தது. ஆக, கிங் எழுதிய காலத்தில் காற்றிலேயே இந்த ஆசை இருந்தது.

உண்மையான திருப்பம் 2006-இல் வந்தது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாகா எலியின் முதிர்ந்த தோல் செல்லுக்குள் நான்கே நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவின் ஆரம்ப நிலைச் செல் போல ஆக்கிக்காட்டினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும். 2012-இல் ஜான் கர்டனோடு சேர்த்து நோபல் பரிசு. ஒரு செல்லின் வயதைப் பின்னோக்கித் திருப்ப முடியும் என்பது அன்றோடு கற்பனை என்ற பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது.

ஆனால் இங்கேதான் ஹார்லனின் பிரச்சினை அப்படியே வந்து நிற்கிறது. திரும்பிப் போகலாம் சரி, எங்கே நிறுத்துவது? தோல் செல்லை முழுக்கத் திருப்பினால் அது தான் தோல் என்பதையே மறந்துவிடும். சோதனைக் கிண்ணத்தில் அது நல்லது, ஏனென்றால் அந்தச் செல்லை வேறு எந்தச் செல்லாகவும் வளர்க்கலாம். உயிரோடு இருக்கும் உடம்புக்குள் நடந்தால் விபரீதம். 2013-இல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் எலிகளின் உடலுக்குள்ளேயே அந்த நான்கு மரபணுக்களையும் இயக்கிப் பார்த்தார்கள். பல உறுப்புகளில் டெரட்டோமா எனப்படும் கட்டிகள் முளைத்தன. கருவிலிருந்து வரும் பலவகைத் திசுக்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும் கட்டி அது.

2016-இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ஹுவான் கார்லோஸ் இஸ்பிசுவா பெல்மோன்டே குழு ஒரு தந்திரம் செய்தது. மரபணுக்களை இரண்டு நாள் இயக்குவது, ஐந்து நாள் அணைப்பது. இப்படி விட்டுவிட்டுச் செய்ததில், சீக்கிரம் கிழடாகிச் சாகும் நோயோடு பிறந்த எலிகள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தன. கட்டி வரவில்லை. 2020 டிசம்பரில் ஹார்வர்டின் டேவிட் சின்க்ளேர் குழு நான்கில் புற்றுநோய் ஆபத்துள்ள ஒன்றைக் கழித்துவிட்டு, மீதி மூன்றை மட்டும் எலிகளின் கண்ணுக்குள் செலுத்தியது. நசுங்கிய பார்வை நரம்பு மீண்டும் வளர்ந்தது. கிளௌகோமா என்ற கண் அழுத்த நோய் வந்த எலிகளுக்கும் கிழட்டு எலிகளுக்கும் பார்வையின் ஒரு பகுதி திரும்பியது.

கண். ஹார்லனுக்கும் முதலில் திரும்பியவற்றில் ஒன்று கண்தான். கிங்குக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியே இல்லை; எழுபது வயதுத் தொழிலாளிக்கு வேலையைப் பறிக்கும் முதல் எதிரி எது என்று யோசித்திருப்பார், பார்வை வந்து விழுந்திருக்கும். ஆனாலும் இன்று அந்தக் காட்சியைப் பார்க்கும்போது லேசாகச் சிலிர்க்கிறது.

தொடரில் வரும் மற்றவற்றுக்கு அறிவியல் தேடாதீர்கள். போகப் போக ஹார்லனைச் சுற்றி நிலம் அதிர்கிறது, காலமே தடுமாறுகிறது. அவர் உடல் மட்டும் திரும்பவில்லை, அவரைச் சுற்றிய நேரத்தையும் இழுத்துக்கொண்டு திரும்புகிறது என்பது போல ஒரு யோசனை. கதையாகச் சுவைதான், ஆனால் அதைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். இன்னொரு ஓட்டையும் உண்டு: மூளையும் இளமையானால் நினைவு என்னாகும்? நாற்பது வயதுக்குத் திரும்பிய மூளையில் அறுபது வயதில் நடந்தது எப்படி இருக்கும்? கதை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த பருவத்தில் பார்த்திருக்கலாம். ஜீனாவை மறக்கத் தொடங்கும் ஹார்லன் என்று ஒரு பகுதி எழுதியிருந்தால், ஆண்ட்ரூஸின் துப்பாக்கிக்கு அப்புறம் வேலையே இருந்திருக்காது.

இந்தத் துறையில் இன்று கொட்டும் பணத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 2022-இல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற நிறுவனம் 300 கோடி டாலர் முதலீட்டோடு தொடங்கியது. யமனாகாவே அதில் ஆலோசகர். அதே சமயம், சிதம்பரத்தில் பிறந்து, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் முதுமை பற்றி 2024-இல் ஒரு புத்தகமே எழுதி, இந்தத் துறையில் ஆய்வும் அதிகம், ஆரவாரமும் அதிகம் என்று நிதானமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நான் அவர் பக்கம். எலியின் கண்ணில் நடந்தது துப்புரவுத் தொழிலாளியின் முழு உடம்பில் நடக்க வெகு தூரம் இருக்கிறது.

சரி, பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் எந்த வடிவத்தை என்று தெரிந்துகொண்டு பாருங்கள். தொலைக்காட்சியில் வந்த மூல வடிவம், எதுவும் தீராமல் அந்தரத்தில் நிற்கும். பிறகு வீடியோவாக வெளியிட்டபோது பல காட்சிகளைக் குறைத்து, ஏறத்தாழ நான்கு மணி நேரமாக்கி, கடைசியை மாற்றிவிட்டார்கள். அதில் ஹார்லனும் ஜீனாவும் சேர்ந்தே ஒளியில் கரைந்து மறைகிறார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அவசர அவசரமாக ஒட்டிய முடிவு என்பது தெரியும். இருந்தாலும் 'சேர்ந்தே' என்பதால் எனக்கு அதில் பெரிய புகார் இல்லை; கடையில் டிவிடியாகவும் இந்த வடிவம்தான் வந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் பழி வரக்கூடாது. நடுப்பகுதிகளில் காரில் ஏறுவதும் இறங்குவதும் போன் பேசுவதுமாக இழுக்கிறது. டோட்ஹன்டர் வரும் காட்சிகள் வேறு ஏதோ நகைச்சுவைத் தொடரிலிருந்து தப்பி வந்தவை போல இருக்கும். ஜெனரல் க்ரூஸாக வரும் எட் லாடர் கம்பீரமானவர், ஆனால் அவருக்கு எழுதப்பட்ட காதல் வசனங்களை அவராலும் காப்பாற்ற முடியவில்லை. ஆண்ட்ரூஸாக வரும் ஆர்.டி. கால் மட்டும் ஒரு நொடிகூடச் சலிப்பூட்டவில்லை. குரலை உயர்த்தாமலே பயமுறுத்தும் வில்லன்கள் அன்றைய தொலைக்காட்சியில் அரிது. இடையில் ஒரு பஸ் ஓட்டுநர் வந்து போவார், அவரை விட்டுவிடாதீர்கள், அது ஸ்டீபன் கிங்.

நேரம் குறைவாக இருக்கிறது என்றால் முதல் இரண்டு மணி நேரப் பகுதியை மட்டும் பாருங்கள். தனிப் படமாகவே அது நிற்கும். பிடித்திருந்தால் மூல வடிவத்தைத் தேடிப் பிடித்து ஏழு பகுதிகளையும் பாருங்கள். வீடியோ வடிவத்தில் வெட்டு விழுந்ததில் ஜீனாவின் காட்சிகளும் அடிபட்டிருக்கின்றன, அதுதான் பெரிய நஷ்டம். மூலத்தை முடித்த பிறகு வீடியோ வடிவத்தின் கடைசிக் காட்சியை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.